திருதராஷ்டிரரின் மௌனம்

மகாபாரதத்தின் போர்ப் பருவங்களைப் படித்தவர் பலர். போருக்குப் பின் வரும் ஆச்ரமவாசிக பருவத்தை நிதானமாகப் படித்தவர் சிலரே. அதில் அஸ்தினாபுரத்தில் தர்மபுத்திரர் ஆட்சி செய்கிறார். நூறு புதல்வர்களையும் இழந்த, கண்பார்வையற்ற திருதராஷ்டிரரும் அவர் மனைவி காந்தாரியும் அதே அரண்மனையில் வாழ்கிறார்கள். பெரியப்பாவுக்கு எந்தக் குறையும் நேரக் கூடாது, அவர் மனம் நோகும்படி எவரும் நடக்கக் கூடாது என்பது யுதிஷ்டிரரின் ஆணை. உணவும் உடையும் படுக்கையும் பணிவிடையும் அரச மரியாதைக்கு ஏற்பவே நடக்கின்றன. இவ்வாறு பதினைந்து ஆண்டுகள் கழிகின்றன.

ஆனால் அதே அரண்மனைக்குள் வேறொன்றும் நடந்துவந்தது. பீமன் பழையவற்றை மறக்கவில்லை. ஏவலாளரைக் கொண்டு முதியவரின் கட்டளைகளை மறைமுகமாக மீறச் செய்தான். அவரும் காந்தாரியும் கேட்கும்படி தோள்களைத் தட்டி, குருட்டு மன்னரின் மைந்தர்களை யமனிடம் அனுப்பியவை இந்தக் கைகளே என்று பெருமை பேசினான். இது யுதிஷ்டிரருக்குத் தெரியாது. அர்ஜுனனுக்கும் குந்திக்கும் திரௌபதிக்கும் தெரியாது. திருதராஷ்டிரரும் யாரிடமும் முறையிடவில்லை. உணவைச் சுருக்கிக்கொண்டார், வெறுந்தரையில் தர்ப்பையின் மேல் படுத்தார். இறுதியில் காட்டுக்குச் செல்ல அனுமதி கேட்டபோதுதான் அவர் உடல் எவ்வளவு மெலிந்துவிட்டது என்பது யுதிஷ்டிரருக்குத் தெரிந்தது. தம் வீட்டிலேயே ஒருவர் பட்டினி கிடந்ததை அறியாமல் இருந்துவிட்டோமே என்று தர்மபுத்திரர் தம்மையே நொந்துகொண்டார்.

வியாசர் இதைக் கொடியவர்களின் வீட்டில் நடந்ததாகச் சொல்லவில்லை. தர்மத்தின் மகன் தலைமை தாங்கிய வீட்டில் நடந்ததாகச் சொல்கிறார். அடி விழவில்லை, உணவு மறுக்கப்படவில்லை. ஆயினும் ஒரு முதியவர் தம் சொந்த வீட்டில் அவமானத்தால் மெலிந்துகொண்டிருந்தார். யுதிஷ்டிரரிடம் அன்பு இருந்தது, ஆணையும் இருந்தது. ஆனால் விசாரித்து அறிதல் இல்லை. முதியோருக்கு வீட்டுக்குள்ளேயே இழைக்கப்படும் கொடுமையைப் பற்றி இன்று சிந்திப்பவர் தொடங்க வேண்டிய இடம் இதுதான்.

மூடிய கதவுக்குப் பின்னால்

இந்தக் கேள்வி இன்று மிகக் கூர்மையாக எழும் நகரங்களுள் ஒன்று திருவனந்தபுரம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தோர் 8.6 சதவீதம், கேரளத்தில் 12.6 சதவீதம். கல்வியும் மருத்துவமும் ஆயுளை நீட்டித்தன. குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது. 1970-களிலிருந்து இளைஞர்கள் வளைகுடா நாடுகளுக்கும் பிற நாடுகளுக்கும் வேலைக்குச் சென்றார்கள். கரமனை, கோட்டைப் பகுதிகளின் பழைய அக்கிரகாரத் தெருக்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களாயினும், நகரின் புறப்பகுதிகளில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே வீடு கட்டிய மலையாளக் குடும்பங்களாயினும், நிலைமை ஏறத்தாழ ஒன்றே. பெரிய வீடு; உள்ளே ஒரு முதியவர் அல்லது முதிய தம்பதியர்; பார்த்துக்கொள்ள ஒரு மகனோ மகளோ மருமகளோ ஹோம் நர்ஸோ. நல்லது நடந்தாலும் தீயது நடந்தாலும் அதைக் காண வேறு கண்கள் இல்லை.

முற்காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்வதும் உண்மையாகாது. மருமக்கத்தாய முறையில் மூத்த பெண்ணுக்குத் தன் தறவாட்டில் உரிமையோடு கூடிய இடம் இருந்தது. அதே தறவாட்டில் காரணவரின் அதிகாரத்துக்கு அஞ்சி வாழ்ந்தவர்களும் இருந்தார்கள். திருவிதாங்கூரில் 1925-இல் வந்த நாயர் சட்டம் தறவாட்டுச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழிசெய்தது. 1976-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் கேரளத்தில் இந்துக் கூட்டுக் குடும்ப முறையையே முடிவுக்குக் கொண்டுவந்தது. சொத்து தனிமனிதரின் பெயருக்கு வந்தது. வந்த சொத்தை எழுதிக் கொடுத்தபின் தம் இடம் எது என்ற கேள்வி முதியவருக்கு அப்போது பிறந்தது.

கொடுமை என்றவுடன் அடியும் காயமும் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அதற்குப் பல வடிவங்கள் உண்டு. ஓய்வூதியப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளுதல்; மிரட்டியோ நயந்தோ பத்திரத்தில் கைநாட்டு வாங்குதல்; மருந்தைத் தாமதித்தல்; கழிப்பறைக்கு அழைத்துச் செல்லாதிருத்தல்; தொலைபேசியைப் பறித்தல்; வந்த விருந்தினரைச் சந்திக்க விடாமல் செய்தல்; பேரக்குழந்தைகளின் முன்னால் இழித்துப் பேசுதல். எதுவும் பேசாமல் மாதக்கணக்கில் ஒருவர் இல்லாததுபோல் நடந்துகொள்வதும் இந்தப் பட்டியலில் சேரும்.

உலகம் இதற்கு ஒரு பெயர் வைத்தே அதிக காலம் ஆகவில்லை. 1975-இல் பிரிட்டனின் மருத்துவ இதழ்களில், மூதாட்டிகள் வீட்டில் அடிக்கப்படுவது பற்றி மருத்துவர்கள் எழுதினார்கள். 2011-இல் ஐக்கிய நாடுகள் சபை, ஜூன் 15-ஆம் தேதியை முதியோர் கொடுமைக்கு எதிரான விழிப்புணர்வு நாளாக ஏற்றது. 2017-இல் வெளிவந்த ஆய்வொன்றின் அடிப்படையில் உலக சுகாதார நிறுவனம், அறுபது வயதைக் கடந்தவர்களில் ஆறு பேரில் ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒரு கொடுமைக்கு உள்ளாகிறார் என்று கூறுகிறது. இந்தியாவில் 2017-18-இல் நடந்த முதுமை பற்றிய தேசிய ஆய்வில், ஏறத்தாழ ஐந்து சதவீத முதியோர் தாம் தவறாக நடத்தப்பட்டதாகக் கூறினார்கள். இரண்டு ஆய்வுகளின் அளவுகோல்களும் ஒன்றல்ல. எனினும் ஒரு கேள்வி எழாமல் இல்லை: கூடத்தில் மகன் அமர்ந்திருக்க, கேள்வித்தாளோடு வந்த அந்நியரிடம் எத்தனை தாய்மார்கள் உண்மையைச் சொல்வார்கள்?

பொறுமையும் அச்சமும்

தாயின் கையில் கன்றிப்போன தழும்பு இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண், "அம்மா, கையில் என்ன?" என்று கேட்கிறாள். "குளியலறையில் வழுக்கிவிட்டது மகளே" என்று பதில் வருகிறது. கேட்டவளுக்கும் தெரியும், சொன்னவருக்கும் தெரியும், அது உண்மையல்ல என்று. நம் சமூகம் இந்தப் பொய்யைத் தாய்மையின் பெருமை என்று போற்றுகிறது. மகனைக் காட்டிக் கொடுக்காத தாய், எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் பூமாதேவி என்கிறது.

இதைப் பொறுமை என்று சொல்லலாமா என்பது தத்துவக் கேள்வி மட்டுமன்று. ஒருவரின் உயிரைச் சார்ந்த கேள்வியும்கூட. பொறுமை என்ற குணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. எதிர்க்கும் ஆற்றலும் வழியும் இருந்தும் ஒருவர் மனமுவந்து எதிர்க்காமல் இருக்கிறார் என்றால் அது பொறுமை. வேறு வழியில்லாமல், அடுத்த வேளைச் சோற்றுக்கு அஞ்சி, தெருவில் விடப்படுவோமோ என்று நடுங்கி ஒருவர் பேசாமல் இருந்தால் அது அச்சம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். உள்ளே இரண்டும் பகலும் இரவும். பகவத்கீதையின் பதினாறாம் அத்தியாயம் தெய்வீகப் பண்புகளை வரிசைப்படுத்தும்போது அச்சமின்மையையே முதலில் வைக்கிறது. பொறுமை அதே வரிசையில் பின்னால் வருகிறது. இந்த வரிசையில் ஒரு பாடம் உண்டு. அச்சம் நீங்காத நெஞ்சில் பொறுமை வேர் கொள்வதில்லை.

பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் சொன்ன பாம்பின் கதையை அறியாத பக்தர் இருக்க முடியாது. யாரையும் கடிக்காதே என்று குரு உபதேசித்ததை ஏற்ற பாம்பு, சிறுவர்களின் கல்லடிக்கும் இரையாகிச் சாகும் நிலைக்கு வந்துவிடுகிறது. திரும்பி வந்த குரு அதைக் கடிந்துகொள்கிறார். கடிப்பதைத்தான் தடுத்தாரே தவிர, சீறுவதைத் தடுக்கவில்லை என்பதை உணர்த்துகிறார். இந்தக் கதையைச் சத்சங்கங்களில் கேட்டுத் தலையசைக்கும் ஒரு மூதாட்டி, அது தமக்கும் பொருந்தும் என்று எண்ணுவதில்லை. சகோதரியிடம் உண்மையைச் சொல்லுதல், ஒரு மனுவில் கையெழுத்திடுதல், எழுதிக் கொடுத்த சொத்தைத் திரும்பக் கேட்டல், இவை எதுவும் கடி அல்ல, இவை சீறல். மகனுக்கு நஞ்சு ஊட்டாமல், தம் உடலையும் மானத்தையும் காத்துக்கொள்ளும் செயல்.

மன்னிப்பையும் இவ்வாறே பிரித்தறிய வேண்டும். நேற்று நடந்ததை மன்னிப்பது வேறு. நாளை நடக்கவிருப்பதற்கு இன்றே இசைவு கொடுப்பது வேறு. முன்னது ஆன்மிக உயர்வு. பின்னது மகனைப் பாவத்தில் தொடர்ந்து நடக்க விடும் செயல். தாயின் மௌனம் தாயை மட்டும் வருத்துவதில்லை. மகனுக்குத் திருந்தும் வாய்ப்பையும் இல்லாமல் ஆக்குகிறது.

"என் கர்மம்" என்ற சொல்

முதியோர் அடிக்கடி சொல்லும் இன்னொரு சொல் "என் கர்மம்" என்பது. துன்பப்படுபவர் தம் துன்பத்துக்கு ஒரு பொருளைத் தேடும்போது, அந்தச் சொல் அவருக்கு ஆறுதல் தரக்கூடும். அதைப் பறிக்க வேண்டியதில்லை. ஆனால் பக்கத்து வீட்டுக்காரரும் உறவினரும் சத்சங்க அன்பரும் அதே சொல்லைச் சொல்லும்போது அதன் பொருள் முற்றிலும் மாறிவிடுகிறது. "அவர் கர்மம், அவர் அனுபவிக்கிறார்" என்பது வேதாந்தம் அன்று. சோம்பலுக்குப் போர்த்திய காவித் துணி.

கர்மக் கொள்கை ஒவ்வொருவரும் தம் செயலுக்குப் பொறுப்பேற்கச் சொல்கிறது. அடிப்பவனின் கை அவனுடைய கர்மம். அதைக் கண்டும் காணாமல் போகிறவரின் கால்கள் அவருடைய கர்மம். ஆற்றில் ஒருவர் மூழ்கும்போது, முற்பிறவியில் அவர் என்ன செய்தார் என்று கரையில் நின்று ஆராய்பவரை யாரும் ஞானி என்று சொல்வதில்லை. பிறருடைய வினைக்கணக்கு யாருக்கும் தெரியாது. தம் கண் முன்னே இருக்கும் கடமை மட்டும் எவருக்கும் தெரியும்.

பீமனின் நியாயம்

கொடுமை செய்பவரிடமும் ஒரு நியாயம் இருப்பதுண்டு. பீமனிடம் இருந்தது. அரக்கு மாளிகையும் சூதாட்டச் சபையும் வனவாசமும் அவன் கற்பனைகள் அல்ல. திருதராஷ்டிரர் குற்றமற்றவரும் அல்லர். அதுபோலவே, இன்று தந்தையைப் பட்டினி போடும் மகன், அந்தத் தந்தை ஒரு காலத்தில் குடித்துவிட்டு வந்து தாயையும் தன்னையும் அடித்ததை நினைவில் வைத்திருக்கலாம். இளம் வயதில் மாமியாரிடம் பட்ட அவமானத்தை, படுக்கையில் கிடக்கும் அதே மாமியாரிடம் ஒரு மருமகள் திருப்பித் தந்துகொண்டிருக்கலாம்.

இந்த நினைவுகளைப் பொய்யென்று தள்ளக் கூடாது. ஆனால் பழைய அநீதிக்கு விடை நீதியே தவிர, புதிய அநீதி அன்று. வலிமையோடு இருந்த தந்தையை எதிர்க்க முடியாதவன், வலிமையிழந்த தந்தையைத் தண்டிக்கும்போது அவன் நீதி வழங்குவதில்லை. அதிகாரம் கைமாறிவிட்டது என்பதை மட்டுமே காட்டுகிறான். அவனுடைய பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். தைத்திரீய உபநிடதத்தில், கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் தாயையும் தந்தையையும் தெய்வமாகக் கொள்ளும்படி போதிக்கிறார். பெற்றோர் நல்லவராக இருந்தால் என்ற நிபந்தனை அதில் இல்லை. தெய்வமாகக் கொள்வதென்றால் அவர் தவறுகளை மறப்பதும் அவர் சொல்வதையெல்லாம் செய்வதும் அன்று. அவர் இருப்பின் மதிப்பு அவரது தகுதியைப் பொறுத்ததன்று என்று ஏற்பது.

காலடியில் பிறந்த ஆதிசங்கரரின் வரலாறும் இதையே காட்டுகிறது. எல்லாப் பந்தங்களையும் துறந்த அவர், தாய்க்குக் கொடுத்த வாக்கின்படி அவளது இறுதிக் காலத்தில் திரும்பி வந்தார் என்றும், சந்நியாசி ஈமக்கடன் செய்யக் கூடாதென்று சுற்றத்தார் விலகி நின்றபோதும் தாமே அதைச் செய்து முடித்தார் என்றும் அவரது சரிதங்கள் கூறுகின்றன. துறவு நெறிகூடத் தாயின் கடைசி நாட்களைக் கைவிடுவதற்குக் காரணமாக அவருக்குத் தோன்றவில்லை.

இங்கே வேறொரு நிலையையும் பிரித்துக் காண வேண்டும். மறதிநோயால் பாதிக்கப்பட்ட தாயை இரவும் பகலும் தனியாகக் கவனிக்கும் மகள் ஒருநாள் பொறுமையிழந்து கத்திவிடுகிறாள். இது களைப்பின் குரல். அதைக் கொடுமையாக வளரவிடாமல் தடுப்பது, அவளைக் குற்றஞ்சாட்டுவதால் அன்று, அவள் பாரத்தைப் பகிர்வதால்தான். இந்தியாவில் மறதிநோயாளரின் குடும்பங்களுக்காகத் தொடங்கிய சங்கம் 1992-இல் கேரளத்தின் குன்னங்குளத்தில் பிறந்தது தற்செயல் அன்று. அந்தப் பாரத்தின் எடையைக் கேரளம் முன்னரே உணர்ந்தது. வாரத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் வந்து முதியவரின் அருகில் அமர்ந்தால், அந்த வீட்டில் இருவர் காப்பாற்றப்படுவார்கள்.

சட்டம் பந்தத்தை அறுக்குமா?

"பெற்ற பிள்ளை மீதே வழக்கா?" என்று கேட்டு முகம் சுளிப்பவர்கள் ஒரு வரலாற்றை நினைவுகூர வேண்டும். 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்துக்கு வந்து பேராசிரியர் சுந்தரராம ஐயரின் இல்லத்தில் ஒன்பது நாட்கள் தங்கிய இளந்துறவி, கல்கத்தாவில் தம் தாயைத் துன்பத்தில் விட்டுவந்தவர். 1884-இல் தந்தை மறைந்தபின், பரம்பரை வீட்டின் உரிமை குறித்து நெருங்கிய உறவினர்களே வழக்குத் தொடுத்தார்கள். புவனேசுவரி தேவியார் தாம் மணமகளாக வந்த வீட்டிலேயே இடமின்றித் தவித்தார். உலகப் புகழ் பெற்ற பின்னும் சுவாமி விவேகானந்தர் அந்த வழக்கை உலகியல் என்று ஒதுக்கவில்லை. 1898-இல் கேத்ரி மன்னர் அஜித் சிங்குக்கு எழுதிய கடிதத்தில் தாய்க்கு மாத உதவி வேண்டினார். தாய்க்குரிய இடத்தை நிலைநாட்டும் முயற்சியைத் தம் வாழ்வின் கடைசி நாட்கள் வரை விடவில்லை. உரிமையைச் சட்டத்தின் வழியே கேட்பது ஆன்மிகத்துக்குப் புறம்பானது என்று அவர் கருதவில்லை.

நாடாளுமன்றம் 2007-இல் இயற்றிய பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2008-இல் கேரளத்தில் நடைமுறைக்கு வந்தது. அதன் அமைப்பைப் பார்த்தால், அது குடும்பத்தை உடைக்க எழுதப்பட்டதன்று என்பது விளங்கும். விசாரிப்பது வழக்கமான நீதிமன்றம் அன்று, ஆர்.டி.ஓ. நிலையிலுள்ள வருவாய் அதிகாரியின் தலைமையில் இயங்கும் தீர்ப்பாயம். விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பி, ஒரு மாதத்துக்குள் இணக்கம் காண முயல இடமுண்டு. அறிவிப்பு சேர்ந்த நாளிலிருந்து 90 நாட்களுக்குள் முடிவு காண வேண்டும். உணவு, உடை, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றுக்காக மாதம் 10,000 ரூபாய் வரை வழங்க ஆணையிடலாம். மகனும் மகளும் மட்டுமின்றி, வயதுவந்த பேரனும் பேத்தியும் பொறுப்புடையவர்களே. பிள்ளை இல்லாத முதியவர், தம் சொத்துக்கு வாரிசாகும் உறவினரிடம் கேட்கலாம். முதியவரால் நேரில் வர இயலாவிட்டால், அவர் அதிகாரமளித்த இன்னொருவரோ ஒரு தொண்டு நிறுவனமோ அவருக்காக விண்ணப்பிக்கலாம். தீர்ப்பாயம் தானாகவும் எடுத்துக்கொள்ளலாம். முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்கேனும் விட்டுச் செல்வது, மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.

சொத்தைப் பற்றி அந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு பேசுகிறது. பார்த்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பெற்றவர் அதன்படி நடக்காவிட்டால், அந்தக் கொடையை வஞ்சகத்தாலோ வற்புறுத்தலாலோ பெற்றதாகக் கருதி ரத்து செய்ய முடியும். இந்த நிபந்தனை பத்திரத்திலேயே வெளிப்படையாக எழுதப்பட்டிருக்க வேண்டும் என்று 2020-இல் கேரள உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு கூறியது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், முதியோர் நலத்துக்காக வந்த இச்சட்டத்தைத் தாராள மனத்தோடு பொருள் கொள்ள வேண்டும் என்று ஒரு தாயின் வழக்கில் தீர்ப்பளித்தது. இருப்பினும் முதியோர் கற்க வேண்டிய பாடம் எளியது. தானப் பத்திரம் எழுதுவதாயின், வாழ்நாள் முழுதும் அவ்வீட்டில் வசிக்கும் உரிமையையும், கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் அதிலேயே எழுத வேண்டும். அன்பின் மீது ஐயம் கொண்டு எழுதுவதன்று அது. அன்பைச் சோதனைக்குள் தள்ளாமல் காக்கும் வேலி.

மூதாட்டிகளுக்கு இன்னொரு வழியும் உண்டு. 2006-இல் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறைச் சட்டம் மனைவியருக்கு மட்டும் உரியதன்று. ஒரே வீட்டில் வாழும் தாயும் அதன் பாதுகாப்பைக் கோரலாம். ஒரு தாயும் மகளும் தொடுத்த வழக்கில் 2016-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், கொடுமை செய்தவர் பெண்ணாயினும் அச்சட்டத்தின்கீழ் புகார் செய்ய முடியும். அதே நீதிமன்றம் 2020-இல், மருமகளை வீட்டிலிருந்து வெளியேற்றும் கருவியாக முதியோர் சட்டத்தைப் பயன்படுத்தலாகாது என்றும், இருவருடைய உரிமைகளையும் இணக்கமாகக் காண வேண்டும் என்றும் கூறியது. முதியவர் எப்போதும் பாதிக்கப்பட்டவர், மருமகள் எப்போதும் கொடியவள் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு எந்த வீட்டுக்குள்ளும் நுழையக் கூடாது.

"வேண்டாம்" என்று முதியவர் சொன்னால்

எல்லாவற்றிலும் கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. உதவ வந்தவரிடம் அந்தத் தாய், "புகார் வேண்டாம், அவன் என் பிள்ளை, நான் எங்கும் வர மாட்டேன்" என்று சொல்லிவிடுகிறார். அப்போது தர்மம் எது?

இரண்டு எளிய பதில்கள் உண்டு, இரண்டும் தவறு. "அவரே வேண்டாம் என்கிறார், பிறகு என்ன?" என்று விலகுவது ஒன்று. "அவருக்கு நல்லது எதுவென்று அவருக்குத் தெரியாது" என்று சொல்லி அவரைத் தூக்கிச் சென்று முதியோர் இல்லத்தில் சேர்ப்பது மற்றொன்று. முதலாவது அலட்சியம். இரண்டாவது, மகன் செய்த அதே தவற்றை நல்ல எண்ணத்தோடு செய்வது. அங்கும் முதியவரின் விருப்பத்துக்கு மதிப்பில்லை. அடித்தவன் வீட்டில் இருக்க, அடிபட்டவர் ஏன் தம் வீட்டையும் துளசி மாடத்தையும் விட்டுப் போக வேண்டும் என்ற கேள்விக்கும் அதில் பதிலில்லை. புலையனார்கோட்டையில் அரசு நடத்தும் முதியோர் இல்லம் போன்றவை போக்கிடம் அற்றவருக்கு அவசியமானவை. ஆனால் போக்கிடம் உள்ளவரைப் போக்கிடம் அற்றவராக்குவது சேவை ஆகாது.

நடுவில் ஒரு பாதை உண்டு. அது நீண்டது, பொறுமையைக் கேட்பது. முதலில், முதியவரைத் தனியாகச் சந்தித்துப் பேச வேண்டும். சந்தேகத்துக்குரியவர் அருகில் இருக்கும்போது கேட்கும் கேள்வி ஆபத்தையே வளர்க்கும். அவர் சொல்வதைக் குறுக்கிடாமல், திருத்தாமல், நம்பிக் கேட்க வேண்டும். "கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் போங்கள்" என்ற அறிவுரையைச் சொல்லாதிருக்க வேண்டும். மகனிடம் நேரே சென்று வாதிடக் கூடாது. உதவியவர் வீடு திரும்பியபின் அதன் விலையைக் கொடுப்பவர் முதியவரே. அவருக்கு எது வேண்டும் என்று கேட்க வேண்டும். பெரும்பாலும் அவர் வேண்டுவது தண்டனையை அன்று. அடி நிற்க வேண்டும், மருந்து கிடைக்க வேண்டும், பேத்தியோடு பேச வேண்டும் என்பதையே. அதிலிருந்து தொடங்கலாம். அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், மருந்துச் சீட்டு ஆகியவற்றின் நகல் நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். இரவில் கதவைத் தட்ட ஒரு வீடு இருக்கட்டும். இன்று வேண்டாம் என்பவர் மூன்று மாதம் கழித்து வேண்டும் என்று சொல்லக்கூடும். அன்று அவர் அழைக்க ஒருவர் அங்கே இருக்க வேண்டும். உதவி என்பது ஒருநாள் மீட்புப் பணி அன்று, தொடர்ந்த துணை.

அவர் விருப்பத்துக்கும் எல்லை உண்டு. உயிருக்கு ஆபத்து நேரும்போதும், மறதிநோயால் அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லாதபோதும், காத்திருப்பது மரியாதை ஆகாது. அப்போது 112 என்ற எண்ணில் காவல்துறையை அழைப்பதே கடமை. மற்ற வேளைகளில் ஆலோசனைக்கும் வழிகாட்டுதலுக்கும் 2021 அக்டோபர் 1 அன்று நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

கேரளத்தில் இந்தத் துணைக்கு ஒரு வலை முன்பே பின்னப்பட்டிருக்கிறது. 2008-இல் நோய்த்தணிப்புச் சேவைக்கென ஒரு கொள்கையை மாநில அரசு வகுத்தது. அதன்படி பஞ்சாயத்துச் செவிலியர் படுக்கையிலுள்ள நோயாளிகளை வீடு தேடிச் செல்கிறார்கள். திருவனந்தபுரத்தில் 2003-இல் தொடங்கப்பட்ட பாலியம் இந்தியா அமைப்பும் இதே துறையில் பணியாற்றுகிறது. ஆஷா பணியாளர் வருகிறார். குடும்பஸ்ரீ பெண்கள் அருகிலேயே வாழ்கிறார்கள். 2008-இல் தொடங்கிய ஜனமைத்ரி திட்டத்தில் காவலர்கள் தனித்து வாழும் முதியோரைக் காண வருகிறார்கள். கூட்டுறவுச் சங்க ஊழியர் சமூக நல ஓய்வூதியத்தைப் பலருக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார். படுக்கைப் புண்ணை முதலில் காண்பவர் செவிலியர். கையெழுத்திட்டதும் அந்தப் பணம் யார் கைக்குப் போகிறது என்று காண்பவர் ஓய்வூதியம் கொண்டுவருபவர். யுதிஷ்டிரருக்கு இல்லாமற்போன கண்கள் இவை. இந்தக் கண்கள் கண்டதைக் கேட்பதற்கு ஒரு செவியும் வேண்டும் என்று உணர்ந்தே, 2025-இல் கேரளச் சட்டமன்றம் முதியோருக்கென ஓர் ஆணையத்தை அமைக்கும் சட்டத்தை இயற்றியது.

சத்சங்கத்தின் கடமை

அரசு எத்தனை வலை பின்னினாலும், ஒரு முதியவர் அழும்போது அவர் மனம் திறந்து பேசுவது பெரும்பாலும் தாம் நம்பும் மனிதரிடமே. நாடெங்கும் உள்ள சத்சங்கங்களிலும் பாராயணக் குழுக்களிலும் பெரும் பகுதியினர் முதியோர். அவர்களில் ஒருவர் மூன்று வாரம் வராவிட்டால் யாரேனும் அவர் வீட்டுக்குச் செல்கிறார்களா? எப்போதும் கலகலப்பாகப் பேசுபவர் மகன் வந்து நின்றவுடன் மௌனமாகிவிடுவதை யாரேனும் கவனிக்கிறார்களா? கோயிலுக்கு அணிந்துவந்த காதணி இப்போது ஏன் இல்லை என்று யாரேனும் தனியே, மெதுவாகக் கேட்கிறார்களா?

இவற்றுக்குப் பெரிய நிதியோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஒவ்வொரு சத்சங்கத்திலும் இருவர் வராதவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு அவர்களைக் காணச் செல்லலாம். சட்டம் தெரிந்த ஓர் அன்பர், பத்திரம் எழுதும் முன் முதியோர் அறிய வேண்டியவற்றை ஆண்டுக்கு ஒருமுறை விளக்கலாம். இளைஞர் முகாம்களில் பெற்றோர் பக்தியைப் போதிக்கும்போது, முதுமையில் உடலும் மனமும் அடையும் மாற்றங்களையும் கவனிக்கும் முறைகளையும் சேர்த்துக் கற்பிக்கலாம். நல்லெண்ணத்தால் மட்டும் ஒரு மறதிநோயாளியைக் குளிப்பாட்ட முடியாது. அதற்குப் பயிற்சி வேண்டும்.

ஜீவனைச் சிவனாகக் கண்டு சேவை செய்வது இந்த யுகத்தின் சாதனை என்று மகான்கள் காட்டியிருக்கிறார்கள். அந்தச் சிவன் பல வேளைகளில் பட்டினி கிடக்கும் ஏழையாக வருகிறான். சில வேளைகளில், வசதியான வீட்டின் பின்னறையில், தாழிட்ட கதவுக்கு உள்ளே, வாய் திறக்க அஞ்சும் ஒரு முதியவராகவும் இருக்கிறான். ஏழையிடம் உணவைக் கொண்டு செல்லலாம். இவரிடம் முதலில் கொண்டு செல்ல வேண்டியது அபயம்: "அம்மா, நீங்கள் சொல்வதை நம்புகிறேன், நீங்கள் கேட்கும்வரை எதையும் செய்ய மாட்டேன், உங்கள் உயிருக்கு ஆபத்தென்றால் மட்டும் சும்மா இருக்க மாட்டேன், அடுத்த வாரமும் வருவேன்" என்ற சொல். சொன்ன பின் அடுத்த வாரம் போக வேண்டும். அதற்கு அடுத்த வாரமும் போக வேண்டும்.